வீட்டிலேயே காருக்கு பிரேக் லைன் செய்வது எப்படி: பைப் வெட்டுவது முதல் ஏர் எடுப்பது வரை

காருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்கும்போது பிரேக் பைப்பின் மேல்பூச்சு உப்பியிருந்து, விரலால் தடவினால் துரு செதில் செதிலாக உதிர்ந்தால், அந்தப் பைப்பின் காலம் முடிந்துவிட்டது. எமரி தாளால் தேய்த்து பெயின்ட் அடித்துச் சமாளிக்கலாம் என்ற யோசனையே வேண்டாம். பிரேக் பைப்பின் சுவர் கனமே ஏறக்குறைய 0.7 மிமீ. அதில் பாதியைத் துரு தின்றுவிட்டால், மிச்சம் நிற்பது ஒரு விசிட்டிங் கார்டின் கனம்தான்.

பல கார்களுக்கு வளைத்து, ஃபிளேர் போட்டு (அதாவது முனையை விரித்து), நட்டோடு தயாராகப் பைப் கிடைக்கிறது. கிடைத்தால் அதையே வாங்கிப் போடுங்கள். பழைய மாடல் என்பதால் கிடைக்கவில்லை, மாஸ்டர் சிலிண்டரையோ (பெடலை மிதிக்கும்போது பிரேக் ஃபுளூயிட்டைப் பைப்புகளுக்குள் தள்ளும் உருளை) பின் ஆக்சிலையோ மாற்றியதால் பழைய நீளம் பொருந்தவில்லை என்றால் நாமே செய்வதுதான் வழி. நிதானமாகச் செய்தால் வீட்டுப் பட்டறையில் தாராளமாகச் செய்யக்கூடிய வேலை இது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபிளேர் நன்றாக வருமா, கோணலாக வருமா என்பது ஃபிளேரிங் டூலின் திருகைச் சுற்றும்போது முடிவாவதில்லை. பைப்பை வெட்டி, பிசிறு எடுத்து, முனையைத் தயார் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. விலை குறைந்த டூலை வைத்துக்கொண்டு அருமையாக ஃபிளேர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முனையைத் தயார் செய்வதில் அவசரப்படுவதில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பைப்புக்குள் என்ன அழுத்தம் இருக்கிறது

சாதாரணக் கார் டயரில் 2 பாருக்குச் சற்று அதிகமான அழுத்தம் இருக்கும். பிரேக் பைப்பில் என்ன இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெடலை 300 நியூட்டன் விசையோடு மிதிக்கிறோம், அதாவது சுமார் 30 கிலோ எடையின் அழுத்தம். பெடலின் நெம்புகோல் விகிதம் 5 என்றால் அது 1,500 நியூட்டன் ஆகிறது. மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 22 மிமீ என்றால் பிஸ்டனின் பரப்பு சுமார் 380 சதுர மிமீ. வகுத்தால் கிட்டத்தட்ட 40 பார் வருகிறது. மிதிக்கும் விசையைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டரின் உதவி இல்லாமலே இவ்வளவு. பூஸ்டரும் சேர்ந்து, பயத்தில் காலை ஊன்றி மிதித்தால் 100 பாரைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

இத்தனை அழுத்தத்தையும் தாங்கிக் கசியாமல் நிற்பது, பைப் முனையில் விரிந்திருக்கும் சில மில்லிமீட்டர் உலோகம். இடையில் வாஷர் இல்லை, ரப்பர் இல்லை, பசை இல்லை. உலோகத்தின் மேல் உலோகம் சமமாக உட்கார்ந்து அடைக்கிறது. அதனால்தான் ஃபிளேரில் 'பரவாயில்லை' என்று விட ஒன்றுமே இல்லை.

இப்போதைய கார்களில் பிரேக் சுற்று இரண்டாகப் பிரிந்திருப்பதால், ஒரு பைப் வெடித்தாலும் மற்றது வேலை செய்யும். ஆனால் பெடல் திடீரென்று கீழே போகும், வண்டி நிற்கும் தூரம் வெகுவாகக் கூடும். அதை நம்பிப் பழைய பைப்போடு வண்டியை ஓட்டக் கூடாது.

எந்தப் பைப் வாங்குவது

பெரும்பாலான கார்களில் இருப்பது 4.75 மிமீ வெளிவிட்டம் கொண்ட பைப், அங்குலக் கணக்கில் 3/16. சில வண்டிகளில் 6 மிமீ அல்லது 1/4 அங்குலப் பைப்பும் வரும். கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்து பாருங்கள். மேல்பூச்சு இருந்தால் அதைச் சுரண்டிவிட்டு அளக்க வேண்டும். 4.75-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசம் கைக்குத் தெரியாது, ஆனால் ஃபிளேரிங் டூலின் தப்பான துளையில் பைப்பை வைத்தால் அது வழுக்கிவிடும்.

என் பரிந்துரை காப்பர்-நிக்கல் பைப். 90 சதவீதம் தாமிரம், 10 சதவீதம் நிக்கல் என்ற அளவை ஒட்டிய கலவை, கூடவே கொஞ்சம் இரும்பும் மாங்கனீசும் இருக்கும். கியூனிஃபர் என்ற பெயரிலும் கிடைக்கும். வோல்வோ 1970-களிலேயே தன் கார்களில் இதைப் போட ஆரம்பித்தது. துருப்பிடிக்காது, கையாலேயே வளையும், ஃபிளேர் போடும்போது விரிசல் விடுவது அபூர்வம். முதல்முறை செய்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதையே வாங்கலாம்.

கம்பெனியிலிருந்து வரும் பைப் பெரும்பாலும் எஃகு. தாமிரம் பூசிய எஃகுப் பட்டையை இரண்டு சுற்றாகச் சுருட்டி, உலையில் வைத்து ஒன்றாக்கிச் செய்வது. நல்ல வலு உண்டு, கல் தெறித்தாலும் தாங்கும். ஆனால் வளைக்கக் கருவி வேண்டும், ஃபிளேர் போடவும் பலம் வேண்டும். எஃகு வாங்கினால் மேல்பூச்சு உள்ள, பிரேக்குக்கென்றே விற்கிற பைப்பாகப் பாருங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கடினமான உலோகம். வீட்டு டூலில் இரட்டை ஃபிளேர் போட்டால் முனை பிளக்க வாய்ப்பு அதிகம். முதல் வேலைக்கு அது வேண்டாம்.

வெறும் தாமிரக் குழாயை மட்டும் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். ஏசிக்கும் ஃபிரிட்ஜுக்கும் போடுகிற குழாய் பார்ப்பதற்கு காப்பர்-நிக்கல் போலவே இருக்கும். ஆனால் தாமிரம் அதிர அதிர இறுகி, கடைசியில் களைத்து விரிசல் விடும். கலவைப் பைப்பின் நிறம் அதைவிட வெளிறியிருக்கும். நிறத்தை மட்டும் நம்பாமல், பிரேக் லைன் என்று அச்சிட்ட சுருளாக வாங்குங்கள். அலுமினியக் குழாய்க்கும் இங்கே இடமில்லை. கம்ப்ரெஷன் ஃபிட்டிங் எனப்படும் வளையம் போட்டு இறுக்கும் இணைப்புக்கும் இடமில்லை. அந்த வளையம் எண்ணெய், தண்ணீர் லைன்களுக்கு உகந்தது. பிரேக் அழுத்தத்தில் பைப்பை விட்டு நழுவிவிடும்.

ஃபிளேர் வகை: இதில் தப்பினால் எல்லாம் வீண்

கார் பிரேக்கில் முக்கியமாக இரண்டு வகை.

ஒன்று, 45 பாகை இரட்டை ஃபிளேர். பைப் முனை விரிந்து, அதன் விளிம்பு திரும்ப உள்பக்கமாக மடிந்து படிந்திருக்கும். புனலின் வாய் போல இருக்கும், விளிம்பில் உலோகம் இரண்டு அடுக்கு. அமெரிக்க, ஜப்பானியக் கார்களில் அதிகம்.

இன்னொன்று, பபிள் ஃபிளேர். ஐஎஸ்ஓ ஃபிளேர், டிஐஎன் ஃபிளேர் என்றும் சொல்வார்கள். முனை குமிழாக உப்பி நிற்கும், உள்பக்கம் மடிப்பு இல்லை. ஐரோப்பியக் கார்களில் அதிகம்.

ஒரே காரில் இரண்டும் கலந்து வருவதும் உண்டு. எனவே தயாரிப்பு நாட்டை வைத்து ஊகிக்காமல், கழற்றிய பைப்பையும் அது போய் உட்கார்ந்த துளையையும் பாருங்கள். துளைக்குள் டார்ச் அடித்தால் விடை தெரிந்துவிடும். அடியில் ஒரு கூம்பு மேடாக எழும்பி நின்றால் இரட்டை ஃபிளேருக்கான இருக்கை. அடி குழிந்து உள்வாங்கியிருந்தால் பபிளுக்கானது.

நட்டுகளும் வேறு வேறு. இரட்டை ஃபிளேரின் முதுகு 45 பாகை சரிவு, அதைத் தாங்கும் நட்டின் முகமும் சரிவாகவே இருக்கும். பபிளின் முதுகு தட்டை, அதன் நட்டின் முகமும் தட்டை. பபிள் நட்டின் முனையில் மரை இல்லாத ஒரு சிறு பகுதியும் பொதுவாக இருக்கும். மரையையும் பாருங்கள். 10 மிமீ விட்டம், 1 மிமீ மரை இடைவெளி என்பது மிகப் பரவலானது. ஆனால் அமெரிக்கக் கார்களின் 3/8 அங்குல நட்டு கிட்டத்தட்ட அதே பருமன். அது இதில் ஓரிரு சுற்று ஏறுவதுபோல் ஏறி, மரையைக் கெடுத்துவிடும். புது நட்டைக் கையாலேயே கடைசிவரை சுற்ற முடிய வேண்டும். இடையில் இறுகினால் அது தப்பான நட்டு.

37 பாகை ஒற்றை ஃபிளேர் பந்தயக் கார் ஃபிட்டிங்குகளுக்கானது. அதற்குத் தனி நட்டும் தனி உறையும் உண்டு. 45 பாகையில் ஒற்றையாக மட்டும் விரித்துவிட்டு 'இரட்டை ஃபிளேர் மாதிரிதானே' என்று போடுவது ஆபத்து. விளிம்பு மெலிந்து, இறுக்கும்போதோ பிறகு அழுத்தத்திலோ பிளந்துவிடும்.

கருவிகள்

ஃபிளேரிங் டூலில் மூன்று ரகம் உண்டு. இரண்டு பட்டைகளுக்கு நடுவில் பைப்பைப் பிடித்து, மேலே நுகம் எனும் திருகுச் சட்டத்தை மாட்டித் திருகுவது விலை குறைந்த ரகம். காப்பர்-நிக்கலுக்கு இது போதும். வைஸில் பிடித்து நெம்புகோலால் அழுத்தும் டர்ரெட் வகை மேசை மேல் செய்கிற வேலைக்கு மிக அருமை, ஒவ்வொரு ஃபிளேரும் அச்சில் வார்த்ததுபோல் வரும். கையடக்கமான ஹைட்ராலிக் டூல் காரிலேயே பைப்பை வைத்துக்கொண்டு ஃபிளேர் போட உதவும். வாங்குவதற்குமுன் அதில் உங்களுக்கு வேண்டிய வகைக்கான டை (முனைக்கு வடிவம் கொடுக்கும் அச்சு) இருக்கிறதா என்று பாருங்கள், பல செட்டுகளில் இரட்டை ஃபிளேர் டை மட்டுமே வரும்.

இவை தவிர வேண்டியவை: சின்ன டியூப் கட்டர், மெல்லிய தட்டை அரம், பிசிறு எடுக்கும் கூம்புக் கத்தி, பைப் வளைக்கும் கருவி, ஃபிளேர் நட் ஸ்பேனர், புது பிரேக் ஃபுளூயிட், பிரேக் கிளீனர், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. ஃபிளேர் நட் ஸ்பேனர் என்பது ரிங் ஸ்பேனரில் பைப் நுழைய ஒரு வாய் வெட்டியதுபோல் இருக்கும். நட்டை எல்லாப் பக்கமும் தழுவிப் பிடிக்கும். சாதாரண ஓபன் ஸ்பேனர் போட்டால் இந்த மென்மையான நட்டின் முனைகள் மழுங்கிவிடும்.

பழைய பைப்பைக் கழற்றுவது

காரைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு அடை வைத்து, ஸ்டாண்டின் மேல் இறக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது.

நட்டுகளைச் சுற்றி வயர் பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் திரவத்தை முந்தின நாளே அடித்து விடுங்கள். நட்டு சுற்றும்போது பைப்பும் கூடவே சுற்றினால் நிறுத்துங்கள். பைப் எப்படியும் போகப்போகிறது என்றால், நட்டுக்கு ஒட்டினாற்போல் பைப்பை வெட்டிவிட்டு, ஆறுமுக பாக்ஸ் ஸ்பேனரை முழுதாக மாட்டிக் கழற்றுவது சுலபம்.

திறந்த இணைப்புகளை ரப்பர் மூடியால் உடனே அடைத்துவிடுங்கள். மாஸ்டர் சிலிண்டர் தொட்டி காலியாகாமல் இருக்க ஒரு வழி உண்டு. லைனைக் கழற்றுவதற்கு முன் பெடலைச் சற்று அமுக்கி, ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து அப்படியே நிறுத்துங்கள். பிஸ்டன் நகர்ந்து தொட்டியிலிருந்து வரும் துளையை மூடிக்கொள்ளும், சொட்டுவது நின்றுவிடும். பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கும் என்பதால் பேட்டரி வயரைக் கழற்றி வையுங்கள். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள காரில் தொட்டி காலியாகாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்தால் சில மாடல்களில் ஸ்கேன் கருவி இல்லாமல் அதை எடுக்க முடியாது.

பழைய பைப்பை முடிந்தவரை வளையாமல் முழுதாக எடுங்கள். அதுதான் உங்கள் மாதிரி. கழற்றுவதற்கு முன்பே, எந்த கிளிப்பில் எப்படிப் போகிறது, எதற்கு மேலே, எதற்குப் பின்னால் என்று படம் பிடித்து வையுங்கள். பழைய பைப் துண்டு துண்டாகத்தான் வருமென்றால், மெல்லிய கம்பியை அதே வழியில் வளைத்து வைத்து, அதை மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம்.

முனையைத் தயார் செய்வது

சுருளிலிருந்து வேண்டிய நீளத்தை அவிழ்த்து, சமமான பலகை மேல் வைத்து இன்னொரு பலகையால் உருட்டி நேராக்குங்கள். பழைய பைப்பின் அல்லது மாதிரிக் கம்பியின் நீளத்தோடு 5, 6 செமீ கூட்டி வெட்டுங்கள். கூடுதல் நீளத்தைக் கடைசியில் வெட்டிவிடலாம், குறைந்த நீளத்தை ஒட்ட முடியாது.

கட்டரின் சக்கரம் பைப்பைத் தொடும்வரை திருகுங்கள். ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு, குமிழைக் கொஞ்சமே இறுக்கி, மறுபடி சுற்றுங்கள். ஒரே மூச்சில் இறுக்கினால் முனை உள்ளே நசுங்கி, துளை சிறுத்துவிடும். வெட்டுக் கோடு இரண்டாகப் பிரிந்து திருகுபோல் ஓடினால் கட்டர் சாய்ந்திருக்கிறது, வேறு இடத்தில் மறுபடி தொடங்குங்கள். ஆக்ஸா பிளேடால் அறுக்க வேண்டாம்.

இப்போது முனையைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு வேலை செய்யுங்கள், தூள் உள்ளே போகாது. முதலில் அரத்தை முகத்தின் மேல் தட்டையாக வைத்து லேசாக இழுத்து, முகத்தை பைப்புக்குச் சரியான செங்குத்தாக்குங்கள். ஒரு பக்கம் மயிரிழை அளவு உயர்ந்திருந்தாலும், ஃபிளேரின் அந்தப் பக்கம் அகன்றும் எதிர்ப்பக்கம் குறுகியும் வரும். ஃபிளேர் கோணலாக வருவதற்கு பெரும்பாலும் இதுதான் காரணம், டூலைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்து உள்விளிம்பு. கட்டர் விட்ட உதட்டைக் கூம்புக் கத்தியால் மெல்லச் சுரண்டி எடுங்கள். துளை பழைய அகலத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதிகம் சுரண்டினால் சுவர் மெலிந்து, மடியும் இடத்தில் கிழியும். பிறகு வெளிவிளிம்பில் அரத்தால் சுற்றிவர மிகச் சிறிய சரிவு கொடுங்கள். இரட்டை ஃபிளேரில் இந்த வெளிவிளிம்புதான் கடைசியில் உள்ளே மடிந்து படுக்கும், கூர்மையாக இருந்தால் அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும்.

பைப்பில் பிளாஸ்டிக் மேல்பூச்சு இருந்தால், டூல் பிடிக்கும் பகுதியில் அதைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். விட்டால் பைப் நழுவும், உரிந்த பூச்சு ஃபிளேருக்குள் மாட்டும். கடைசியாக முனையைச் சுத்தமான துணியால் துடைத்து, காற்று ஊதுங்கள்.

அப்புறம், நட்டு. ஃபிளேர் போடும் முன் நட்டைப் பைப்பில் கோத்துவிட வேண்டும், அதன் மரை முனையைப் பார்த்தபடி. ஃபிளேர் போட்டபின் நட்டு நுழையாது. அந்தப் பைப்பில் சுருள் காப்பு, ரப்பர் உறை ஏதாவது வர வேண்டும் என்றால் அதுவும் இப்போதே.

இரட்டை ஃபிளேர் போடுவது

பட்டை வகை டூலை வைத்துச் சொல்கிறேன், மற்றவற்றிலும் தத்துவம் ஒன்றுதான்.

பட்டையில் சரியான அளவுத் துளையில் பைப்பை வையுங்கள், சரிவு வெட்டிய பக்கம் மேலே இருக்கட்டும். டையின் விளிம்புத் தடிப்பைப் பட்டைமேல் பக்கவாட்டில் நிறுத்தி, அதன் உயரத்துக்குச் சமமாகப் பைப் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். நீளம் கூடினால் ஃபிளேர் பெரிதாகி நட்டுக்குள் இடிக்கும், குறைந்தால் மடிய உலோகம் போதாது. பைப்புக்குப் பக்கத்தில் உள்ள திருகை முதலில் இறுக்கி, பிறகு தூரத்தில் உள்ளதை இறுக்குங்கள். பிடி எண்ணெய்ப் பசையின்றி உலர்ந்திருக்க வேண்டும்.

டையின் ஊசிமுனையிலும் பைப் முகத்திலும் ஒரு சொட்டு பிரேக் ஃபுளூயிட் தடவுங்கள். என்ஜின் ஆயில், கிரீஸ் எதுவும் வேண்டாம். கனிம எண்ணெய் பிரேக் சுற்றில் கலந்தால், உள்ளே உள்ள ரப்பர் சீல்கள் ஊதிப்போகும்.

டையின் ஊசிமுனையைப் பைப் துளைக்குள் நுழைத்து, நுகத்தை நடுவில் மாட்டி, டை பட்டைமேல் முழுதாக உட்காரும்வரை திருகுங்கள். டை ஒரு பக்கம் சாய்வது தெரிந்தால் உடனே நிறுத்திச் சரி செய்யுங்கள். திருகைத் தளர்த்தி டையை எடுத்தால், முனை காளானின் குடைபோல் உப்பி நிற்கும். உப்பல் சுற்றிலும் ஒரே அளவாக இருக்கிறதா என்று இங்கேயே பார்த்துவிட வேண்டும். இங்கே கோணல் என்றால் அடுத்த படியில் நேராகாது, வெட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

இரண்டாம் படியில் டை கிடையாது. நுகத்தின் கூம்பு முனைக்கு ஒரு சொட்டு ஃபுளூயிட் தடவி, அதையே நேராக உப்பலின் நடுவில் இறக்குங்கள். விளிம்பு உள்ளே மடிந்து, சரிவின்மேல் படியும். கை இறுகுவதை உணர்ந்ததும் கொஞ்சம் மட்டும் அழுத்தி நிறுத்துங்கள். பலம் காட்டினால் ஃபிளேரின் சுவர் நசுங்கி மெலியும்.

பபிள் ஃபிளேருக்கு அதற்குரிய டையும், பட்டையின் சரிவில்லாத பக்கமும் வேண்டும். ஒரே அழுத்தம், இரண்டாம் படி இல்லை. இரட்டை ஃபிளேரின் முதல் படியோடு நிறுத்தினால் பபிள் ஆகிவிடும் என்று சொல்வதைக் கேட்காதீர்கள். அதன் முதுகு சரிவாக வரும், பபிள் நட்டின் தட்டை முகம் அதைச் சமமாகத் தாங்காது.

நல்ல ஃபிளேரை அறிவது

காருக்கான பைப்பில் கைவைக்கும் முன், துண்டுப் பைப்பில் போட்டுப் பழகுங்கள். அதில் ஒன்றை வைஸில் பிடித்து, நீளவாக்கில் அறுத்து, அறுத்த முகத்தை அரத்தால் சமமாக்கிப் பாருங்கள். நல்ல இரட்டை ஃபிளேரில் இரண்டு அடுக்கும் இடைவெளியின்றி ஒன்றின்மேல் ஒன்று படிந்து, ஒரு மெல்லிய கோடு மட்டும் தெரியும். வெட்டு முகத்தில் இருபுறமும் விரிந்து நிற்கும் இரண்டு கைகளும் ஒரே நீளம் இருக்கும். கோட்டுக்குப் பதில் பொந்து தெரிந்தால் இரண்டாம் அழுத்தம் போதவில்லை. ஒரு கை நீண்டு ஒரு கை குறுகியிருந்தால் முகம் செங்குத்தாக இல்லை. எத்தனை விளக்கம் படித்தாலும் இந்த ஒரு வெட்டு கற்றுத் தருவது அதிகம்.

காரில் போடப்போகும் ஃபிளேரை பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். முடி அளவு விரிசல், இருக்கை முகத்தில் குறுக்குக் கீறல், மடிந்த விளிம்பில் கிழிசல், நடுவிலிருந்து விலகிய துளை, இவற்றில் எது இருந்தாலும் வெட்டி எறிந்துவிடுங்கள். நட்டை ஃபிளேர்வரை கொண்டுவந்து பாருங்கள், தாராளமாகச் சுற்ற வேண்டும்.

வளைப்பது

ஒரு முனையில் ஃபிளேர் போட்டபின், அந்த முனையிலிருந்து தொடங்கி வளைத்துக்கொண்டே போங்கள். மறுமுனை ஃபிளேர் கடைசியில்தான். ஒவ்வொரு வளைவுக்கும் பழைய பைப்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஃபிளேருக்குப் பின்னால் 4 செமீ அளவாவது நேராக இருக்கட்டும், இல்லையென்றால் நட்டு பின்வாங்காது, டூலும் பிடிக்காது.

பைப்பின் வெளிவிட்டத்தைப்போல் மூன்று மடங்குக்குக் குறைவான ஆரத்தில் வளைக்காதீர்கள். காப்பர்-நிக்கலைப் பெரிய வளைவுகளில் கட்டைவிரலால் அணைத்தபடியே வளைக்கலாம். சிறிய வளைவுக்குக் கருவி வேண்டும். ஓரிடத்தில் நசுங்கி மடிப்பு விழுந்தால் அந்தத் துண்டு போனதுதான், நிமிர்த்திப் பயன்படுத்தக் கூடாது.

எல்லா வளைவும் முடிந்ததும் பைப்பைக் காரில் தளர்வாக வைத்துப் பாருங்கள். மறுமுனை துளைக்கு நேராக வந்து நிற்க வேண்டும். அங்கே அடையாளம் போட்டு, ஃபிளேருக்கான சில மில்லிமீட்டர் சேர்த்து வெட்டி, இரண்டாம் நட்டைக் கோத்து, ஃபிளேர் போடுங்கள். பிறகு பிரேக் கிளீனரை ஒரு முனையில் அடித்து, இரு பக்கமிருந்தும் காற்று ஊதி நன்றாக உலரவிடுங்கள். அரத்தூளின் ஒரு துகள் ஏபிஎஸ் வால்வில் சிக்கினால்கூடப் பெரிய தொல்லை.

பொருத்துவது

பழைய பாதையிலேயே கொண்டுபோங்கள், அதைத் தீர்மானித்தவர்கள் யோசித்துத்தான் செய்திருப்பார்கள். சைலன்சர் குழாயிலிருந்து விலகியும், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் நகர்வில் உரசாமலும் இருக்க வேண்டும். எல்லா கிளிப்பும் போட வேண்டும். கிளிப் இல்லாத பைப் அதிர்ந்து அதிர்ந்தே முறியும். உடலுக்கும் அசையும் சக்கரத்துக்கும் இடையில் வருவது ரப்பர் ஹோஸ் மட்டுமே, அந்த இடத்தை இந்தப் பைப்பால் நிரப்பக் கூடாது.

இரு முனை நட்டுகளையும் முதலில் விரலால் ஏற்றுங்கள். பைப்பைப் பலவந்தமாக இழுத்துப் பிடித்தால்தான் மரை பிடிக்கிறது என்றால் வளைவைத் திருத்துங்கள். இரண்டும் விரலால் முழுதாக ஏறியபின் கிளிப் மாட்டி, கடைசியில் ஸ்பேனரால் இறுக்குங்கள். இந்த அளவு நட்டுகளுக்குப் பெரும்பாலும் 12 முதல் 18 நியூட்டன் மீட்டர் வரை சொல்வார்கள், உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவே கடைசி வார்த்தை. டெஃப்லான் டேப், சீலன்ட் எதுவும் வேண்டாம். அடைப்பது மரை அல்ல, ஃபிளேர். ஹோஸ் முனையில் பான்ஜோ போல்ட் (நடுவில் துளையுள்ள போல்ட்) இருந்தால் அதன் தாமிர வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள்.

ஏர் எடுப்பது

லைனைத் திறந்தபோது உள்ளே புகுந்த காற்றை இப்போது வெளியேற்ற வேண்டும். தொட்டியின் மூடியில் எழுதியிருக்கும் வகை ஃபுளூயிட்டையே, சீல் உடைக்காத புட்டியிலிருந்து ஊற்றுங்கள். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகை. டாட் 5 சிலிக்கோன், மற்றவற்றோடு கலக்கக் கூடாது. கிளைக்கால் வகை காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4-இன் குறைந்தபட்ச கொதிநிலை புதிதாக இருக்கையில் 230 பாகை செல்சியஸ், ஈரம் ஏறியபின் 155. திறந்து பல மாதம் ஆன புட்டியை ஒதுக்கிவிட வேண்டியது இதனால்தான். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், விட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

பல கார்களில் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்குவார்கள். குறுக்குச் சுற்று (ஒரு முன் சக்கரமும் எதிர்ப்பக்கப் பின் சக்கரமும் ஒரே சுற்றில்) உள்ளவற்றில் வரிசை மாறும், மேனுவலைப் பாருங்கள். பிளீடர் நிப்பிளில் (சக்கரத்தின் பிரேக்கில் காற்றை வெளியே விடும் சிறு திருகு) உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் மாட்டி, மறுமுனையை ஃபுளூயிட் உள்ள புட்டிக்குள் மூழ்கவிடுங்கள். உள்ளே இருப்பவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடித்தபடி குரல் கொடுக்க வேண்டும். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று திறந்து, மூடியபின் 'விடு' என்று சொல்ல வேண்டும். மூடும் முன் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போகும். குழாயில் குமிழி வருவது அடியோடு நிற்கும்வரை தொடருங்கள், இடையிடையே தொட்டியை நிரப்பிக்கொண்டே இருங்கள்.

பழைய மாஸ்டர் சிலிண்டர் என்றால் பெடலைத் தரைவரை மிதிக்க வேண்டாம், அடியில் ஒரு கட்டை வையுங்கள். வழக்கமாகப் போகாத தூரத்தில் துரு இருந்தால் சீலின் உதடு அதில் கிழியும்.

சோதனை

என்ஜினை ஓடவிட்டு, ஒருவர் பெடலை முழு பலத்தோடு மிதித்து ஒரு நிமிடம் பிடிக்கட்டும். பெடல் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரே பழுது. மிதித்தபடி என்ஜினை ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றே கீழே போகும், அது பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம், பயப்பட வேண்டாம். கல்லைப்போல் நிற்காமல் பஞ்சுபோல் அமுங்கினால் இன்னும் காற்று இருக்கிறது.

ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த டிஷ்யூ தாளால் சுற்றித் துடைத்துப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் நட்டை இன்னும் இறுக்குவது முதல் வேலை அல்ல. தளர்த்தி, மறுபடி அளவோடு இறுக்குங்கள், இரண்டு மூன்று முறை இப்படிச் செய்யும்போது ஃபிளேர் இருக்கையில் படிந்துவிடும். அப்படியும் கசிந்தால் வெட்டி, புதிதாக ஃபிளேர் போடுங்கள். இருக்கையில் கீறல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

முதல் ஓட்டம் ஆளில்லாத சமதளத்தில், நடை வேகத்தில். சில முறை மெதுவாக, பிறகு சில முறை அழுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, மறுபடி அடியில் போய் எல்லா இணைப்பையும் டிஷ்யூவால் துடையுங்கள். பிரேக்கை இதுவரை பிரித்தே பார்க்காதவர் என்றால், சாலைக்கு எடுக்கும் முன் அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு இந்த வேலையை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் பகுதியின் வாகனத் தகுதிச் சோதனை விதிகள் எந்தப் பைப்பை ஏற்கின்றன என்பதையும் பைப் வாங்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் தினமும் வண்டியை எடுக்கும் முன் தொட்டியின் அளவைப் பாருங்கள். ஒரு பேனா கோடு போட்டு வைத்தால் குறைவது உடனே தெரியும். கோட்டுக்குக் கீழே போனால் ஊற்றி நிரப்பிவிட்டு ஓட்டாமல், எந்த இணைப்பு என்று கண்டுபிடித்துச் சரி செய்த பிறகு வண்டியை எடுங்கள்.